குடியைப் பார்ப்பதா, பதிலைப் பார்ப்பதா?

2018 செப்டம்பர் 27. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட பிரெட் கவனா மீது, பதின்வயதில் குடிபோதையில் ஒரு பெண்ணிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் எழுந்திருந்தது. அதை மறுத்த அவர், தனக்கு பீர் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும் என்று செனட் குழு முன் சொன்னார். செனட்டர்கள் எடைபோட வேண்டியது அவருடைய குடியையா, அதைப் பற்றி அவர் சொன்ன பதிலையா?

குடியை எடைபோட்டதற்கு முன்னுதாரணம் உண்டு. 1989இல் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவர், இனி மதுவைத் தொடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தும் செனட் வாக்கெடுப்பில் 53-47 என்று தோற்றார். ஆயுத நிறுவனங்களோடு இருந்த உறவும் அப்போது பேசப்பட்டது. ஆனாலும் குடிதான் பெரிதாக அடிபட்டது. ஆனால் அது முதிர்ந்த வயதுப் பழக்கம். பதின்வயதில், கல்லூரியில் குடித்ததை மட்டும் வைத்து 53 வயதுக்காரரை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் விஷயம் வேறு. அது சத்தியப் பிரமாணம் செய்து சொன்னது. நினைவு தப்பும் அளவுக்குக் குடித்ததே இல்லை என்றார். கூடப் படித்த சிலர், அவர் குறைத்துச் சொல்கிறார் என்றார்கள். வேறு சிலர் அவர் பக்கம் நின்றார்கள். இதே கேள்வியை எழுப்பிய செனட்டர் ஏமி குளோபுசாரிடம், உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். தன் தந்தையின் குடிநோயைப் பற்றி குளோபுசார் சற்று முன்புதான் பேசியிருந்தார். இடைவேளைக்குப் பின் கவனா மன்னிப்புக் கேட்டார்.

நீதிபதி பதவி என்பது சொல்லின் நேர்மையை நம்பி நிற்கும் தொழில், அதுவும் ஆயுள் முழுக்க. அதனால் பதிலைத்தான் எடைபோட வேண்டும் என்பது என் பக்கம். அதை நிதானமாக விசாரிக்க நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். புகார் பற்றி அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நடத்திய கூடுதல் விசாரணை ஒரு வாரத்துக்குள் முடிந்தது. அக்டோபர் 6இல் 50-48 என்று நியமனம் உறுதியானது.