வெண்கலச் சிலைக்குப் பச்சை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: எங்கள் 140,000 ரூபா போன விதம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போனால் ‘சரி, தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன். பச்சை ஏற்றித் தருவதாகக் காசு வாங்கிய பட்டறைக்காரரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். போனது 140,000 ரூபா. என் சொந்தக் காசாக இருந்தால்கூட இவ்வளவு வயிறு எரியாது. தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாளன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஏறி இறங்கிச் சேர்த்த காசு. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று அறிவித்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு அம்மா நூறு நாளுக்கு மேல் மலையேறிக் கொழுந்து எடுத்தால்தான் அந்தத் தொகை வரும்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலைக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வெண்கலச் சிலை வைக்கத் தீர்மானித்தோம். மலையக மக்கள் வந்து 200 வருஷமானதை நினைவுகூர்ந்து 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்களே, அந்தச் சூட்டில் பிறந்த யோசனை. நான் சித்திர ஆசிரியன். களிமண்ணில் உருவம் பிடித்து, மெழுகில் எடுத்து, வார்ப்புக்காரரிடம் கொடுத்தேன். இரண்டரை அடி உயரம். வார்த்தவர் தங்கமான மனிதர், அவருடைய வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதுகுக் கூடையின் பின்னல் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம்போல் இருந்தது. விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

ஆனால் வார்ப்பிலிருந்து வந்த வெண்கலம் புதுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. கோயில் விக்கிரகத்துக்கு அது அழகு, புளி போட்டு விளக்கி அப்படியே வைத்திருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் நின்ற ஒரு பெண்ணுக்கு அந்த மினுக்கம் பொருந்தவில்லை. அதனால்தான் பெட்டினா போடலாம் என்று முடிவெடுத்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு, கூட வெள்ளீயம். காற்றும் மழையும் படப்பட அது முதலில் பழுப்பாகும், அப்புறம் கறுக்கும், வருஷக்கணக்கில் வெளியில் நின்றால் பச்சை ஏறும். நியூயோர்க்கில் நிற்கும் சுதந்திர தேவி சிலை செப்புத் தகட்டால் ஆனது. 1886இல் திறந்தபோது அது செம்பு நிறத்தில்தான் இருந்தது, இன்றைய பச்சை பல வருஷம் கழித்து வந்தது. அந்த நிறத்தைச் சூடும் ரசாயனமும் வைத்துப் பட்டறையிலேயே வரவழைப்பதுதான் பெட்டினா. ஒழுங்காகச் செய்தால் உலோகத்தின் தோலே நிறம் மாறியிருக்கும், சுரண்டினால்தான் போகும்.

இதற்குத் தேவையான நைட்ரேட் வகை ரசாயனங்களை என்னால் இங்கே வாங்க முடியவில்லை. தேடியபோது கண்டிப் பக்கம் ஓர் அலங்காரப் பூச்சுப் பட்டறை ஃபேஸ்புக்கில் அகப்பட்டது. பெயரைப் போட வேண்டாம், வீண் சிக்கல் என்று நண்பர்கள் தடுப்பதால் போடவில்லை. சிலை, வாசல் கதவு, ஹோட்டல் அலங்காரம் எல்லாவற்றுக்கும் ‘பழைமைப் பூச்சு’ போட்டுக் கொடுப்பதாக விளம்பரம் செய்யும் இடம். அவ்வளவு போதும்.

நேரில் போனேன். இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் எங்களை விழுத்தியது இதுதான். அந்த ஆள் வாயால் எதையும் அளக்கவில்லை, செய்தே காட்டினார். உள்ளங்கை அளவு வெண்கலத் தகடு ஒன்றை எடுத்து மணல் தாளால் தேய்த்து, அசிற்றோனில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். கேஸ் டோர்ச்சைப் பற்றவைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டிச் சூடேற்றினார். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்த்தார், சுர்ரென்று மறைந்தது. “இப்ப பதம் சேர்” என்றார். முதலில் லிவர் ஒஃப் சல்ஃபர் என்ற கந்தகக் கரைசல். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது, தகடு கறும்பழுப்பானது. மேடான இடங்களை லேசாகத் தேய்த்து வெளிறவிட்டார். அப்புறம் கொப்பர் நைட்ரேட்டை பிரஷ்ஷில் தொட்டுக் குத்திக் குத்தி வைத்தார். ஆவி கிளம்ப, நீலம் கலந்த பச்சை புள்ளி புள்ளியாகப் பூத்தது. மறு ஓரத்தில் ஃபெரிக் நைட்ரேட் வைத்துச் செம்பழுப்பும் காட்டினார். கழுவி, மறுபடி இளஞ்சூடாக்கி, மெழுகு தடவி, துணியால் மெருகேற்றி என் கையில் கொடுத்தார்.

அந்தத் தகடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. இன்றைக்கும் சொல்கிறேன், முதல் தரமான வேலை. மனிதருக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்த தொழிலைச் செய்யாமல் காசை மட்டும் வாங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூலி பேசும்போது, சிலையின் படத்தைப் போனில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான் சேர். இத நான் தொழிலா பாக்கல.” அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு யார்தான் பேசுவார்கள்? ரசாயனம் விலை என்று முற்பணமாக 90,000 கேட்டார், கொடுத்தோம். சிலையை எடுக்கும்போது 50,000. ஆக 140,000 ரூபா. லொறிக் கூலியைச் சேர்க்கவில்லை. ரசீது கேட்டதற்குக் கிடைத்தது பெயரும் முத்திரையும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

சிலை வந்தபோது பார்வைக்கு நன்றாகவே இருந்தது, மெழுகு வாசனையும் அடித்தது. கூடைப் பின்னலின் ஆழம் முன்பைவிடக் குறைந்ததுபோல் பட்டது, மெழுகு தேங்கியிருக்கும் என்றார். வாசிகசாலை விறாந்தையில் வைத்தோம், தேங்காய் உடைத்தோம், போட்டோ எடுத்தோம்.

மழையும் மூடுபனியும் தொடங்கி சில வாரங்களில், சிலையில் சாய்ந்து நின்ற ஒரு பிள்ளையின் வெள்ளை யூனிஃபோர்ம் கையில் பச்சைத் தூள் அப்பியிருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா கொண்டுவந்து காட்டியபோதுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தோளிலும் கூடை விளிம்பிலும் பூச்சு கொப்பளித்து, அடியிலிருந்து வெளிர்பச்சை மா போல ஒன்று தள்ளிக்கொண்டு வந்திருந்தது. நகத்தால் தட்டினால் உதிர்ந்தது. பஞ்சில் அசிற்றோன் தொட்டு ஒரு இடத்தைத் துடைத்தேன். பச்சை முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது! உண்மையான பெட்டினா அசிற்றோனுக்குக் கரையாது. மேலே இருக்கும் மெழுகோ லெக்கர் என்ற கண்ணாடிப் பூச்சோ போகலாம், நிறம் போகாது. எங்கள் சிலையில் இருந்தது பச்சை பெயின்ட். அதன் அடியில் பழுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, அரிபட்டுக் குழி விழுந்த உலோகம்.

எங்கள் பாடசாலை இரசாயனவியல் ஆசிரியர் ஒரு வேலை செய்தார். உதிர்ந்த தூளில் ஒரு சிட்டிகையை ஐதான நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சில்வர் நைட்ரேட் சில துளி விட்டார். சோதனைக் குழாய்க்குள் பால் மாதிரி வெண்படிவு. குளோரைட்டு. உயர்தரப் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் அதே சோதனைதான், அதில் எங்கள் 140,000 ரூபாவின் கதை வெளியே வந்துவிட்டது. சூடும் இல்லை, நைட்ரேட்டும் இல்லை. கழிவறை கழுவும் அசிட்டோ உப்புத் தண்ணீரோ எதையோ குளிரக் குளிர ஊற்றியிருக்கிறார்கள். திட்டுத் திட்டாக வந்திருக்கும், அதை மறைக்க மேலே பச்சை பெயின்ட், அதற்கு மேல் மெழுகு. (உப்பு வைத்துப் பச்சை எடுக்கும் முறையும் உலகத்தில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதைச் செய்கிறவர்கள் அதைச் சொல்லிச் செய்வார்கள், அந்த விலைதான் வாங்குவார்கள்.)

குளோரைட்டு உள்ளே தங்கினால் வெண்கலத்துக்கு வருவதை ‘வெண்கல நோய்’ என்பார்கள். செம்போடு சேர்ந்து உருவாகும் குளோரைட்டு ஈரமும் ஒட்சிசனும் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக மாறும். அப்போது அமிலம் வெளிவரும், அந்த அமிலம் மறுபடி செம்பை அரிக்கும், மறுபடி தூள். தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதன் 45 வீதத்தைத் தாண்டினாலே இது தலைதூக்கிவிடும். எங்கள் பக்கம் அதற்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். நல்ல பெட்டினா உலோகத்தைக் காப்பாற்றும், இது தின்னும். விரல் நுனியில் இருந்த மொட்டு இப்போதே பாதி கரைந்துவிட்டது.

இனி அந்த ஆளின் பதில்கள். முதல் அழைப்பில் சிரித்தார்: “சேர், அது உயிருள்ள பெட்டினா. மாறிக்கிட்டேதான் இருக்கும், வெளிநாட்டுல அதுக்குத்தான் காசு.” யூனிஃபோர்ம் கையைப் படமெடுத்து அனுப்பினேன். “மலைநாட்டு மூடுபனிக்கு நான் என்னங்க செய்ய?” ஹட்டனில் வைக்கப்போகும் சிலை என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தோம்! அசிற்றோனில் பெயின்ட் கழன்ற வீடியோவை அனுப்பியதும் தொனி மாறியது. “யாரைக் கேட்டு அசிற்றோன் போட்டீங்க? அதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது.” அப்புறம் போனை எடுத்தது ஒரு பெண். “அவர் வேலையா கொழும்புக்குப் போயிருக்காரு அண்ணே.” கொழும்புக்குப் போனவர் அதே நாள் பின்னேரம் தன் பக்கத்தில் புது வேலை ஒன்றின் படத்தை அதே பட்டறையிலிருந்து போடுகிறார். அதன் கீழே நான் எழுதிய கொமன்ட் காணாமல் போனது, பிறகு அந்தப் பக்கமே எனக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒரு வொய்ஸ் மெசேஜ்: “சரி சேர், சிலையக் கொண்டாங்க, பாப்பம். மெட்டீரியல் காசு மட்டும் ஒரு நாப்பது வையுங்க.” இன்னும் நாற்பதாயிரம்! 140,000 வாங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தவர் கேட்கிறார்.

அவரிடம் திரும்பக் கொண்டுபோகும் பேச்சே இல்லை. மத்தியஸ்த சபைக்குக் கடிதம் தயார். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கப்போகிறேன். சிலையிலிருந்த பெயின்ட் முழுவதையும் எடுத்துவிட்டோம், இப்போது விறாந்தையில் வைப்பதில்லை. குளோரைட்டை வெளியே எடுக்க சோடியம் செஸ்குவி காபனேற்றுக் கரைசலில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிப் பல வாரம் காத்திருக்க வேண்டுமாம், பிறகு அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல். அந்தச் செலவுக்கு யாரிடம் போய்க் கையேந்துவது? எல்லாரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

கொடுக்கப்போகிறவர்களுக்கு நிறையச் சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரித் தகட்டை நம்பாதீர்கள், உங்கள் சிலையின் மேல் டோர்ச் பிடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கூடாது என்றால் சிலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என்ன ரசாயனம் என்று எழுத்தில் கேளுங்கள். மீதிக் காசைக் கொடுக்கும் முன் அடிப்பாகத்தில் மறைவான ஓரிடத்தை அசிற்றோனில் துடைத்துப் பாருங்கள், பச்சை பஞ்சில் வந்தால் அங்கேயே சத்தம் போடுங்கள். தூள் உதிரும் சிலையைப் பிள்ளைகள் தொட்டால் கையைக் கழுவச் சொல்லுங்கள். ‘எங்கம்மாவும்’ என்று யாராவது ஆரம்பித்தால் காசுப்பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலையகத்திலோ கொழும்பிலோ வெண்கல நோயைச் சுத்தம் செய்யத் தெரிந்த, நேர்மையாகக் கூலி சொல்லும் ஆள் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். முற்பணம் கிடையாது.