பெண்களுக்கான லைஃப் கோச்சிங்: பணம் கொடுத்துப் போய் வந்த ஒரு திருப்பூர் மெர்ச்சண்டைசரின் விமர்சனம்

கோயம்புத்தூரில் பெண்களுக்கு மட்டும் லைஃப் கோச்சிங் (கேள்வி கேட்டு, நம் முடிவுகளை நாமே யோசித்து எடுக்க வைக்கும் உதவி) செய்யும் ஒருவரிடம் ஆறு அமர்வு பேக்கேஜ் எடுத்து முடித்திருக்கிறேன். கார்ப்பரேட் வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது என்பது என் முடிவு. குறைகளும் உண்டு, அதையும் எழுதுகிறேன். இப்படி ஒருவரிடம் போகலாமா, போனால் என்னதான் நடக்கும் என்று யோசிக்கிற பெண்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் சீனியர் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு பையர்களின் ஆடை ஆர்டர்களை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவள். வயது 42. மகள் பத்தாவது படிக்கிறாள், மாமியார் எங்களோடு இருக்கிறார். பையர்கள் எல்லாம் ஜெர்மனிக்காரர்கள். அங்கே காலை விடியும்போது இங்கே மதியம் ஆகியிருக்கும், அதனால் உண்மையான வேலையே சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சூடு பிடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் மாதிரித் துணித்துண்டு) பற்றிக் கமெண்ட் வரும், அப்போதே டையிங்குக்குப் போன் போட வேண்டும். இதற்கு நடுவே ஆபீஸில் புதிதாகச் சேரும் பெண்கள் எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். கல்யாணப் பேச்சு, கணவர் வேலையை விடச் சொல்வது, ஃபேக்டரியில் சூப்பர்வைசர் கத்துவது, எல்லாம். அவர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. லிங்க்ட்இன்னைத் திறந்தால் ‘கைநிறையச் சம்பளத்தை விட்டேன், இன்று பெண்களின் வாழ்க்கையை மாற்றுகிறேன்’ என்று வாரம் ஒருவர் எழுதுகிறார். நாமும் இதையே செய்தால் என்ன என்ற எண்ணம் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டது. அதனால், ஏற்கனவே அதைச் செய்த ஒருவரிடமே போய்விடலாம் என்று கிளம்பினேன்.

இவர் ஒரு ஐடி கம்பெனியில் பதினெட்டு வருடம் ஹெச்ஆரில் இருந்தவர். வடவள்ளியில் வீடு, முன் அறைதான் கோச்சிங் அறை. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி, ஒரு நோட்டு, அவ்வளவுதான். நாம் பேசும்போது அவர் லேப்டாப்பைத் திறப்பதில்லை, போனை வேறு அறையில் வைத்துவிடுகிறார். முதலில் அரை மணி நேரம் போனில் இலவசமாகப் பேசினார். ஒரு அமர்வு 3,500 ரூபாய், ஆறும் சேர்த்து எடுத்தால் 18,000, இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். ஜிஎஸ்டி போடவில்லை. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவு செய்யத் தேவையில்லை என்று கேட்காமலே சொன்னார். ரசீது தந்தார்.

முதல் நாள் ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். பேசுவது வெளியே போகாது. வர முடியாவிட்டால் ஒரு நாள் முன்னாடி சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த அமர்வு கணக்கில் போய்விடும். தான் டாக்டர் இல்லை, மனநோய்க்குச் சிகிச்சை தருபவர் இல்லை என்பதும் அதில் எழுதியிருந்தது. இந்த வரி முக்கியம். நம் நாட்டில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்சும் வேண்டியதில்லை. நேற்றுவரை வேறு வேலை பார்த்தவர் இன்று காலை ஆரம்பித்துவிடலாம். அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, எல்லோரும் ஐசிஎஃப் என்பார்கள், மூன்று நிலைகளில் சான்று தருகிறது: ஏசிசி, பிசிசி, எம்சிசி. ஏசிசிக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். பிசிசிக்கு 125, 500. எம்சிசிக்கு 200, 2,500. சான்று மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இவர் பிசிசி. சொன்னதை அப்படியே நம்பாமல் ஐசிஎஃப் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன், இருந்தது. நீங்களும் தேடிப் பாருங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் அமர்வில் ‘வாழ்க்கைச் சக்கரம்’ வரையச் சொன்னார். வட்டத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும். எல்லா கோச்சும் இதில்தான் ஆரம்பிப்பார்கள் போல. அச்சடித்த தாளில் இருந்த தலைப்புகள் எனக்கு ஒட்டவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பணம் தனி, குடும்பம் தனி என்று எப்படிப் பிரிப்பது? சொன்னேன். உடனே அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, ‘உங்க வட்டத்த நீங்களே போடுங்க’ என்றார். மாமியார், தூக்கம், என் கையில் நிற்கும் பணம், மகளின் பரீட்சை என்று எழுதினேன். அதன் பிறகுதான் பேச்சு ஓடியது.

எனக்கு நிஜமாகவே கண் திறந்தது மூன்றாவது அமர்வில். வேலையை விடப் போகிறேன், ஏப்ரலில் விட்டால் சரியாக இருக்கும் என்று நான் ஆரம்பித்தேன். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ‘ஒரு ஆர்டர் வந்தா எப்படி பிளான் பண்ணுவீங்க? எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்க’ என்றார். எனக்கு இது தூக்கத்திலும் வரும். ஷிப்மென்ட் தேதியை முதலில் போட்டு அங்கிருந்து பின்னாடி வருவோம். இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், தையல், கட்டிங், துணி வந்து சேரும் நாள், டையிங், நிட்டிங், நூல். நடுநடுவே பையர் அப்ரூவல்கள்: லேப் டிப், அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் சாம்பிள், எல்லா சைஸிலும் தைத்த சைஸ் செட், மொத்தமாகத் தைக்கும் முன் பையர் ஓகே செய்ய வேண்டிய கடைசி மாதிரியான பிபி சாம்பிள். நோட்டில் கோடு போட்டு எழுதிக் காட்டினேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்.

‘எந்த அப்ரூவல் வராம கட்டிங் போக மாட்டீங்க?’

‘பிபி சாம்பிள்ங்க. அது ஓகே ஆகாம கத்திரி வெச்சா மொத்தத் துணியும் நம்ம தலையில.’

‘சரிங்க. ஷிப்மென்ட் தேதி இருக்கற இடத்துல உங்க ராஜினாமா தேதியப் போடுங்க. இதுல பிபி சாம்பிள் எது?’

நான் பேனாவை வைத்துவிட்டேன். பதினேழு வருடமாக ஒரு டி-ஷர்ட்டுக்குப் போடும் பிளான் என் சொந்த வாழ்க்கைக்கு என்னிடம் இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டார்: ‘ஆபீஸ் பொண்ணுங்க உங்ககிட்ட வர்றாங்க, சந்தோசம். உங்களத் தெரியாத ஒருத்தர் காசு கொடுத்து வருவாங்களான்னு பார்த்திருக்கீங்களா?’

அதுதான் பிபி சாம்பிள் என்று அன்றைக்கு எழுதிக்கொண்டேன். என் ஆபீஸுக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமில்லாத பெண்கள் காசு கொடுத்து என்னிடம் வர வேண்டும். அதற்கு முன்னால் பயிற்சி முடிய வேண்டும். ஏசிசிக்கான அந்த 100 மணி நேரத்தில் 75 மணியாவது கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும், எட்டுப் பேராவது வேண்டும், வழிகாட்டும் கோச்சான மென்டரிடம் 10 மணி நேரம் உட்கார வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். பின்னாடியிருந்து எழுதிக்கொண்டே வந்தால் ஏப்ரல் எங்கேயோ போய்விட்டது.

அடுத்த அமர்வு முழுக்கப் பணம்தான். வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, எவ்வளவு வரும் என்றுகூட நான் கணக்குப் பார்த்ததில்லை. அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். இந்தக் கம்பெனியில் எனக்குப் பதினான்கு வருடம், அடிப்படை 40,000. சுமார் 3,23,000 வருகிறது. வீட்டுச் செலவை எதிரே வைத்துப் பார்த்தால் அது எத்தனை மாதத்துக்கு வரும் என்பது தெரிந்துவிட்டது. அப்புறம் மெடிக்கல் இன்சூரன்ஸ். நாங்கள் எல்லோரும் என் கம்பெனி பாலிசியில்தான் இருக்கிறோம். வேலை போனால் பாலிசியும் போய்விடும். தனியாக எடுத்தால் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எனக்குத் தைராய்டு, என் கணவருக்குச் சுகர். வேலையில் இருக்கும்போதே தனி பாலிசி ஒன்று எடுத்து அந்தக் காலத்தைக் கழித்துவிடுவது நல்லது என்று புரிந்தது, போன மாதம் எடுத்துவிட்டோம். இந்த ஒரு விஷயத்துக்கே 18,000 கொடுத்திருக்கலாம்.

நீங்கள் விட்டபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். ஒளிக்கவில்லை. வீட்டுக் கடனை அடைத்த பிறகுதான் ராஜினாமா எழுதிக் கொடுத்தாராம். கணவர் சம்பளம் இருந்தது. முதல் வருடம் கோச்சிங்கில் வந்தது பழைய சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை, கம்பெனிகளுக்குப் போய் டிரெயினிங் எடுத்துத்தான் ஓட்டினேன் என்றார். இதை யாரும் லிங்க்ட்இன்னில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாகச் சம்பாதிக்கிற ஒரு பெண் அந்த போஸ்டைப் படித்துவிட்டு ராஜினாமா எழுதினால் அவளுக்கு யார் பொறுப்பு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் அமர்வில் அம்மா தவறிப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்த முடியாமல் அழுதேன். அவர் கேள்விகளை விட்டுவிட்டார். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா, எத்தனை நாளாக இப்படி என்று மட்டும் விசாரித்தார். ‘இது என் வேலை இல்லைங்க. இப்படியே ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா முதல்ல டாக்டரப் பாருங்க, கோச்சிங் அப்புறம் இருக்கட்டும்’ என்றார். அரசாங்கத்தின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐயும் எழுதிக் கொடுத்தார். இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தன் எல்லை எது என்று தெரிந்தவரிடம்தான் மனதைத் திறக்க வேண்டும். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அவருடைய ஹெச்ஆர் அனுபவம் எங்கே உதவியது என்றால், எங்கள் முதலாளியிடம் பேசுவதற்கு ஒத்திகை பார்த்தபோது. அவரே முதலாளி ஆனார். நான் ‘முடிஞ்சா பாருங்க சார்’ என்று இழுத்தால், ‘சரிம்மா, பார்க்கலாம்’ என்று எழுந்துவிடுவார். பேச்சு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. மேஜைக்கு அந்தப் பக்கம் வருடக்கணக்காக உட்கார்ந்தவர் என்பதால் எந்த வாக்கியத்தில் ஒரு மேலாளர் தப்பித்துப் போவார் என்று அவருக்கு அத்துப்படி. கடைசியில் இரண்டு கோரிக்கை மிஞ்சியது: ராத்திரி எட்டுக்கு மேல் வரும் மெயிலை நாங்கள் நான்கு பேரும் முறை வைத்துப் பார்ப்பது, புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதை என் வேலையாகவே எழுதிக் கொடுப்பது. முதலாவது நடக்கிறது. இரண்டாவதுக்குப் புதன்கிழமை மதியங்களைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மதியங்களில் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பேசுவது நல்ல தமிழ், கொங்குத் தமிழ், ஆனால் கொடுக்கிற வீட்டுப்பாடம் ஆங்கிலம். எங்கள் ஊரில் செக்கிங்கிலும் டெய்லரிங்கிலும் இருக்கும் பெண்களுக்கு இந்த உதவி என்னைவிட அதிகம் தேவை. இந்தத் தாளும் இந்தக் கட்டணமும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். மாதம் ஒரு நாளாவது குறைந்த கட்டணத்தில் தமிழில் குழுவாக நடத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார். அடுத்தது, அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் வரும் பொன்மொழிகள். நான் வெளியே வந்துவிட்டேன். மூன்றாவதுதான் எனக்கு மனவருத்தம்: ‘வேலைக் கூண்டை உடைத்துப் பறந்து வாருங்கள்’ என்கிற மாதிரி ஒரு ஒர்க்‌ஷாப் போஸ்டர். அறைக்குள் இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறவர் வெளியே ஏன் இப்படி விளம்பரம் செய்ய வேண்டும்? நேரிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டார், போஸ்டர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஜூம் வழியாகவும் எடுக்கலாம். வீட்டில் தனியாகப் பேச இடமில்லாததால் நான் காரை நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்து பேசினேன். முடிந்தவரை நேரில் போங்கள், வித்தியாசம் பெரிது. திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகச் சனிக்கிழமை காலை சீக்கிரம் கிளம்பினால் டிராஃபிக் தொல்லை இல்லை.

‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்று யாராவது சொன்னால் தேவலை என்று இருப்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார், கேள்விதான் கேட்பார். வேலையில் தொடர்வதா விடுவதா என்று இழுபறியில் இருப்பவர்கள், குழந்தைக்காக வேலையை விட்டு மறுபடி போக நினைப்பவர்கள், வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு கஷ்டமான பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவர்கள் தாராளமாகப் போகலாம். போகும்போது சம்பள ஸ்லிப்பையும் மூன்று மாத வீட்டுக் கணக்கையும் கையோடு எடுத்துப் போங்கள். நான் மூன்றாவது அமர்வு முடிந்துதான் கொண்டுபோனேன். கோச்சிங் பயிற்சி வகுப்பில் ஜூனில் சேருகிறேன், வார இறுதி பேட்ச். வேலையில் இருந்துகொண்டேதான்.