படகின் டெம்பரேச்சர் முள்: ஆறு சீசன் அனுபவம்

கனடாவில், ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில் ஒரு 19 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். 2019இல் பழையதாக வாங்கியது. 4.3 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின். ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினைக் குளிரவைத்து, திரும்ப ஏரியிலேயே விடும் வகை. சூடு ஏறியதும் குளிர்தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கும். அதனால் முள் 160க்கும் 170க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. முதல் சீசன் முழுக்க அங்கேதான் நின்றது.

2020 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவிலிருந்து திரும்பும்போது முள் 210ஐத் தாண்டிவிட்டது. படகில் மனைவி, இரண்டு பிள்ளைகள். உடனே இன்ஜினை அணைத்து மூடியைத் திறந்தேன். ஆவி இல்லை, ரப்பர் தீயும் வாசனை இல்லை, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கை வைத்தால் சூடு பொறுக்க முடிந்தது. அரை மணி நேரம் ஆற விட்டு, மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்தோம்.

இன்ஜின் சூடானால் எல்லோரும் முதலில் சொல்வது இம்பெல்லர், அதாவது தண்ணீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் சக்கரம். மாற்றினேன். அது தேய்கிற பொருள், எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதில் வருத்தமில்லை. அடுத்து தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன். பகலில் ஓட்டிப் பார்த்தேன், முள் 165இல் அசையாமல் நின்றது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் இருட்டும் நேரத்தில் திரும்பினால் மறுபடியும் 210. ஒரு கடையில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள்.

படகுத்துறையில் எனக்குப் பக்கத்து இடம் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவருடையது. சின்ன வயதிலிருந்தே படகோடு பழகியவர். அவரிடம் சொன்னேன். இன்ஜினைத் திறக்கக்கூட இல்லை. சாவியைத் திருப்பச் சொன்னார், பிறகு லைட் சுவிட்சைப் போடச் சொன்னார். "தம்பி, பெற்றோல் முள்ளைப் பாரும். இப்ப ஆர் வந்து பெற்றோல் ஊத்தினது?" என்றார். அரை டாங்க் காட்டிய முள், விளக்கு எரிந்ததும் முக்கால் பக்கம் போயிருந்தது. "டாஷ்போர்ட் எர்த்தைப் பாருங்க, இன்ஜின்ல ஒண்டும் இல்லை."

இது ஏன் என்று புரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். டெம்பரேச்சர் சென்சார் என்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு பொருள். அமெரிக்க வகையில் 100 டிகிரியில் சுமார் 450 ஓம், 250 டிகிரியில் சுமார் 30 ஓம். பெட்ரோல் டாங்க் மிதவையும் அதே போக்குதான்: காலியாக இருந்தால் 240 ஓம், நிறைந்தால் 30 பக்கம். மீட்டருக்கு வரும் எர்த் வயர் கெட்டால், மீட்டரில் பாயும் கரண்ட் சென்சார் வழியாக எர்த் தேடிக்கொள்ளும். அப்போது முட்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விளக்குக் கரண்டும் அதே கெட்ட வயரில் சேர்ந்தால் இன்னும் மோசம். பகலில் முள் ஒழுங்காக நின்றதற்குக் காரணம் நான் அப்போது விளக்கே போடவில்லை என்பதுதான்.

மல்டிமீட்டரை எடுத்து, சாவியும் விளக்கும் போட்ட நிலையில், மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். அங்கே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு 1.4. டாஷ்போர்டின் பின்னால் கறுப்பு வயரின் வளைய முனையில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. வயரின் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. ஒரு சாண் அளவு வெட்டிய பிறகுதான் பளபளப்பான செம்பு தெரிந்தது. ஈயம் பூசிய செம்புக் கம்பி உள்ள படகு வயரைப் போட்டு, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். ஆறு மாதம் பனிக்காலத்தில் பிளாஸ்டிக் சுற்றி நிறுத்திவைக்கும் படகில் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். சாதாரண வயர் அதற்குத் தாங்காது.

மீட்டர் மீதே சந்தேகம் இருந்தால் இரண்டு நிமிட வேலைதான். சாவியைப் போட்டு, சென்சாரில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் வெளிர்பழுப்பு நிறத்தில் இருக்கும். முள் அடியில் போய் நிற்க வேண்டும். அந்த வயரை இன்ஜின் பிளாக்கில், அதாவது இன்ஜினின் உலோக உடலில் தொட்டால் உச்சிக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லவை. பெட்ரோல் இன்ஜின் என்பதால் இதற்கு முன், இன்ஜின் அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் ப்ளோயர் விசிறியை நான்கு நிமிடமாவது ஓட விடுங்கள், தீப்பொறியோடு விளையாட வேண்டாம்.

2022இல் சென்சாரை மாற்றினேன். அப்போது நான் செய்த தவறு முதல் கோளாறைவிட ஆபத்தானது. கசியக் கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டேன். ஒற்றை முனை சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். தடை கூடி, முள் 130க்கு மேல் ஏறவே இல்லை. கூடுதலாகக் காட்டும் முள் பயமுறுத்தும், அவ்வளவுதான். குறைவாகக் காட்டும் முள் இன்ஜினைக் கொன்றுவிடும். டேப்பை எடுத்துவிட்டு, மரைக்குப் பூசும் சீலன்ட்டை மெல்லியதாகத் தடவி மாட்டியதும் சரியானது.

அலாரத்தின் சுவிட்ச் என் இன்ஜினில் தனி. முள் கெட்டாலும் அது வேலை செய்யும். ஆனால் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே? ஒவ்வொரு மே மாதமும் சாவியைப் போட்டு, அந்த சுவிட்சின் வயரைக் கழற்றி பிளாக்கில் தொட்டு, பஸ்ஸர் கத்துகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

அப்புறம், ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காக நான் வாங்கியதில் அதிகம் உதவியது அதுதான். பளபளப்பான உலோகத்தில் குறைவாகக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் மூடியில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் அங்கே அளந்து, முள் காட்டுவதோடு சேர்த்து நோட்டில் எழுதுகிறேன். 2024 அக்டோபரில் கடைசியாக எழுதியது: அளந்தது 162, முள் 165, விளக்கு எரிந்துகொண்டிருந்தது.