"போர்டு போயிருச்சு மேடம்" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

டெஸ்க்டாப்பை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் இதை ஒருதரம் படித்துவிடுங்கள். மதுரையில் ஒரு கடையில் எனக்கு நடந்தது. கடைப் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதோடு இந்தத் தில்லுமுல்லு அந்த ஒரு கடையோடு நிற்கிற சமாச்சாரமாகவும் தெரியவில்லை.

நான் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். ஸ்டுடியோக்காரர்கள் படங்களைக் கொடுத்துவிடுவார்கள், பக்கம் அடுக்கி பிரிண்டுக்கு அனுப்புவது என் வேலை. மெஷின் 2019-ல் அசெம்பிள் செய்தது: இன்டெல் ஐ5 9400எஃப், 8 ஜிபி ரேம் இரண்டு, மானிட்டருக்குப் படம் அனுப்புகிற ஜிடிஎக்ஸ் 1650 டிஸ்ப்ளே கார்டு. வைகாசி முகூர்த்த நெரிசலில், பெரிய ஃபைலை எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. சும்மா பாட்டு கேட்டால், மெயில் பார்த்தால் ஒன்றும் ஆகாது. வேலை கொடுத்தால்தான் படுத்துவிடும். பிறகு ஒருநாள் காலையில் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'.

போன தீபாவளி சமயம் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிய கடை பக்கத்திலேயே இருந்தது. அங்கேயே கொண்டுபோனேன். "வச்சிட்டுப் போங்க மேடம், செக் பண்ணிட்டு போன் அடிக்கிறோம்" என்றார் கல்லாவில் இருந்தவர். மறுநாள் போன் வந்தது. "போர்டு டெட் மேடம். நைன்த் ஜென் போர்டெல்லாம் இப்ப புதுசா வர்றதே இல்ல. போர்டு, ப்ராசஸர், ரேம் மூணையும் மாத்திடுங்க. 24,000 ஆகும். பழசைக் கார்டோட சேர்த்து நாங்களே 2,000-க்கு எடுத்துக்கிறோம்."

போர்டு என்றால் மற்ற பாகங்களெல்லாம் வந்து மாட்டுகிற மதர்போர்டு. நைன்த் ஜென் என்றது என் ப்ராசஸரின் ஒன்பதாம் தலைமுறையை. பழசில் அந்தக் கார்டு மட்டுமே செகண்ட்ஸில் 2,000-ஐத் தாண்டிப் போகும். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நேரில் போய், எப்படி டெட் என்று முடிவு பண்ணினீர்கள், காட்டுங்கள் என்றேன்.

காட்டினார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வேலை பார்க்கிற பையன் கேபினட்டைத் திருப்பி, மானிட்டர் ஹெச்டிஎம்ஐ ஒயரை மேலே, யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டையில் சொருகினான். அது மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ. டிஸ்ப்ளே கார்டின் போர்ட் அதற்குக் கீழே, தனியாகப் படுக்கைவாட்டில் இருக்கும். ஸ்விட்சைப் போட்டான், ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. "பாத்தீங்கள்ல மேடம்? டிஸ்ப்ளேயே வரல. போர்டு போச்சு."

"தம்பி, ஒயரைக் கார்டுலல்ல மாட்டணும்?"

"கார்டும் போயிருக்கும் மேடம். அதான் நேரா போர்டுல போட்டுப் பாக்குறோம். உங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது."

எனக்குப் புரிந்தது, அதுதான் அவர்களுக்குச் சிக்கல். இன்டெல் ப்ராசஸரில் நம்பருக்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால், போர்டு ஹெச்டிஎம்ஐக்குப் படம் கொடுக்கிற கிராஃபிக்ஸ் பகுதி அதற்குள் கிடையாது. 9400எஃப், 10400எஃப், 12400எஃப் எல்லாமே இந்த வகைதான். இவற்றைப் போட்ட மெஷினில் போர்டு ஹெச்டிஎம்ஐயில் ஒயரைச் சொருகினால், புத்தம்புது மெஷினாகவே இருந்தாலும் படம் வராது. கார்டில் சொருகினால்தான் வரும். அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவரே அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தார், "இதுக்குக் கார்டு கட்டாயம்க்கா" என்று. ஆக, எந்த நல்ல போர்டையும் டெட் என்று நிரூபிக்கக்கூடிய ஒரு சோதனையை என் கண்ணெதிரே நடத்திவிட்டு 24,000 கேட்கிறார்கள். பையனுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தே செய்தானா என்பதற்குள் நான் போகவில்லை. கல்லாவில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் என்று 500 வாங்கிக்கொண்டுதான் மெஷினைக் கொடுத்தார்கள். ஜிபேயில் போட்டேன்.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக வேறொரு தம்பியைப் பிடித்தேன். கடையெல்லாம் கிடையாது, வீட்டு மாடியில் ஒரு மேஜை. பத்தே நிமிஷத்தில் அவர் செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒரு குட்டி பீப் ஸ்பீக்கரை போர்டில் மாட்டினார். நாலணா சாமான்தான், ஆனால் இப்போது கேபினட்டோடு யாரும் கொடுப்பதில்லை. இரண்டு ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்தார். ரேம் இல்லாத போர்டு உயிரோடு இருந்தால் 'பீப் பீப்' என்று கத்த வேண்டும். கத்தினால் போர்டும் ப்ராசஸரும் அந்த அளவுக்காவது நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். என்னுடையது கத்தவில்லை.

உடனே அவர் போர்டு போச்சு என்று சொல்லிவிடவில்லை. கரன்ட்டைப் பார்த்துட்டுப் பேசுவோம் என்று வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தார். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரன்ட்டை வாங்கி மெஷினுக்குள் எல்லாப் பாகத்துக்கும் கொடுக்கிற பெட்டி. அதிலிருந்து தொங்குகிற நாலு பின் கனெக்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே 12 வோல்ட் வர வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் 5 வோல்ட். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது தர வரையறை. அதாவது 12-க்கு 11.4-க்குக் கீழே போகக்கூடாது, 5-க்கு 4.75-க்குக் கீழே போகக்கூடாது. என்னுடையதில் 11.2, 4.6. ஃபேன் சுற்ற அது போதும், போர்டு எழுந்திருக்கப் போதாது. எஸ்எம்பிஎஸ், 'கரன்ட் சரியாக இருக்கிறது, நீ கிளம்பலாம்' என்று சாம்பல் நிற ஒயர் வழியாக போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். அது வராத வரைக்கும் போர்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஃபேன் சுற்றியும் திரை கறுப்பு. வேலை கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆனதும் இதன் முன்னறிவிப்புதான். ப்ராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்திருக்கிறது.

அவரிடம் இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினார். பீப் வந்தது. ரேமைப் போட்டு, ஒயரைக் கார்டில் சொருகினார். விண்டோஸ் வந்துவிட்டது.

புது எஸ்எம்பிஎஸ் 3,800, அவர் கூலி 400. ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு ஒன்றை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகப்படுகிற பாகத்தைக் கழற்றி, நல்லது என்று தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் ரொம்ப நம்பகமான சோதனை. எந்தக் கடையிலும் ஒரு உபரி எஸ்எம்பிஎஸ், ஒரு ரேம், ஒரு பழைய கார்டு கட்டாயம் கிடக்கும். ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் போர்டை மாற்றச் சொல்வது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பிளக்கைக்கூடப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்கிற கதைதான். ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். மெஷின் ஓடியதும் அந்தத் தம்பி கேட்டார், "அக்கா, ரேம் ரெண்டும் வேற வேற கம்பெனியாவா போட்டிருந்தீங்க?"

இல்லையே! ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கிய ஜோடி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால், எப்போதும் 2666 என்று இருக்கிற வேகம் 2400 என்று காட்டியது. வேகம் குறைந்த ஒன்றைப் பக்கத்தில் மாட்டினால் இரண்டும் அதன் வேகத்துக்கே இறங்கிவிடும். சிபியு-இசட் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர், ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கிற ரேமின் கம்பெனி, பார்ட் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் சொல்லும். 2019 பில்லில் சீரியல் நம்பர்கள் எழுதியிருந்தன. ஒன்று ஒத்துப்போனது, இன்னொன்று ஊர் பேர் தெரியாதது.

வந்தது வரட்டும் என்று ஹார்டு டிஸ்க்கையும் பார்த்துவிடுவோம் என்றார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்று ஒரு கணக்கு வரும். டிஸ்க் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. அதில் 23,000-க்கு மேல் காட்டியது. ஒரு வருஷத்துக்கே 8,760 மணி நேரம்தான். தீபாவளிக்கு 'புதுசு' என்று வாங்கிய டிஸ்க், வாங்கிய நாளிலிருந்து ஒரு நொடிகூட அணைக்காமல் ஓடியிருந்தாலும் ஐயாயிரத்துச் சொச்சம் தாண்டியிருக்காது. அதோடு ஆன் ஆன தடவை முந்நூறைத் தொடவில்லை. அதில் பெரும்பகுதி நான் தினமும் ஆன் செய்தது. அதாவது முன்னால் எங்கேயோ அணைக்காமல் வருஷக்கணக்கில் ஓடிய டிஸ்க். சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றியதாக இருக்கும் என்றார் அவர். டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது என்று வந்தது. கம்பெனி உறையில், ஸ்டிக்கர் ஒட்டி, சுடச்சுடப் பிரித்துத் தந்தது அது! நல்லவேளை, முடிந்த ஆல்பங்கள்தான் அதில் இருந்தன, அவற்றுக்கு வேறொரு காப்பியும் உண்டு.

உங்களிடம் கடந்த ஒரு வருஷத்தில் வாங்கிய டிஸ்க் இருந்தால் இன்றைக்கே இதைப் பாருங்கள். புதுசு என்றால் வாங்கிய அன்று அந்த எண் பூஜ்யத்தையொட்டி இருக்க வேண்டும். அந்தக் கணக்கையே அழித்து விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் தளத்தில் வாரன்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

பில்லை எடுத்துக்கொண்டு ரேமுக்காகக் கடைக்குப் போனேன். முதலில் "நாங்க தொடவே இல்ல மேடம்." சீரியல் நம்பரைக் காட்டியதும் "பையன் செக் பண்றப்ப மாறிப்போயிருக்கும்." சரி, என்னுடையதைக் கொடுங்கள் என்றேன். கல்லாக்காரர் கண்ணால் ஏதோ சொன்னார். பையன் போய், டெலிவரிக்குத் தயாராக ஓரமாக வைத்திருந்த ஒரு கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அதிலிருந்து ஒரு ரேமை உருவிக்கொண்டு வந்தான். என் சீரியல் நம்பர். அந்தக் கேபினட் மேல் வேறொருவர் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அந்த மனிதர் அந்த ரேமுக்குப் புது விலை கொடுக்கப்போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பரை மனசில் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இனி எந்தக் கடைக்குப் போனாலும் நான் செய்யப்போவது இதுதான். டிஸ்ப்ளே வரவில்லை என்கிற பிரச்சினைக்கு ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் தேவையே இல்லை. அவை இல்லாமலே மெஷின் கம்பெனி லோகோ வரை வந்து நிற்கும். கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். என்னைப் போல அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்களை வைத்திருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரேம், கார்டு, போர்டு, ப்ராசஸர் ஃபேன் எல்லாவற்றையும் சீரியல் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கடைக்காரர் எதிரிலேயே ஜாப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் மெஷினை வைக்காதீர்கள். காரணமில்லாமல் ப்ராசஸரைக் கழற்ற விடாதீர்கள். இந்தத் தலைமுறை இன்டெல் போர்டுகளில் மயிரிழை போன்ற பின்கள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தால் நல்ல போர்டு நிஜமாகவே போய்விடும், பழி உங்கள் பழைய மெஷின் மேல்தான் விழும். பாகம் மாற்றினால் பழசைத் திருப்பிக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி பில் கேட்டால் "18 பர்சன்ட் கூட ஆகும் மேடம், எதுக்கு வீணா" என்பார்கள். கொடுத்துவிடுங்கள். எனக்கு ஹார்டு டிஸ்க் விஷயத்தில் இருப்பது ஒரு எஸ்டிமேட் சீட்டும் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டும்தான். எஸ்டிமேட்டில் "1 டிபி ஹெச்டிடி புதுசு, 1 வருட வாரன்டி" என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அதை வைத்துப் புகார் பதிவாகிவிட்டது. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

கடையிலிருந்து நேற்று போன் வந்தது, "டிஸ்க்கை மாத்தித் தர்றோம், புகாரை வாபஸ் வாங்கிடுங்க மேடம்" என்று. மாற்றித் தருகிற டிஸ்க்கை அங்கேயே மாட்டி, மணிக்கணக்கைக் காட்டி, சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் போட்டால்தான் மற்ற பேச்சு என்று சொல்லியிருக்கிறேன்.