45 சென்ட் நிலம் 4.5 சென்ட் ஆனது: சிறிய டோனர் கார்ட்ரிட்ஜோடு பன்னிரண்டு வருடம்

சார்-பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதுவது என் தொழில். 2012இல் ஒரு சிறிய கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டர் வாங்கினேன், இன்னமும் ஓடுகிறது. 2019இல் வேறு வகையைச் சேர்ந்த இன்னொன்றும் வந்து சேர்ந்தது. இரண்டின் நிறுவனப் பெயரையும் விட்டுவிடுகிறேன். சொல்ல வந்தது அவற்றின் வயிற்றுக்குள் உட்காரும் கார்ட்ரிட்ஜைப் பற்றி, அதாவது டோனர் என்கிற மைத்தூள் அடைத்த பெட்டியைப் பற்றி.

முதலில் அந்த 45 சென்ட். ஒரு கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை முத்திரைத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். படித்த கட்சிக்காரர் முகம் மாறியது. "ஐயா, நான் வாங்குவது நாலரை சென்ட்டா?" நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், சரியாக வரியின் அடியில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. 'நாற்பத்தைந்து சென்ட்' என்று எழுத்தாலும் இருந்ததால் குடி முழுகவில்லை. முத்திரைத்தாள்தான் வீணாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் ஸ்கேலை வைத்து அளந்தேன். அந்தப் புள்ளிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் அதே மாதிரிப் புள்ளிகள், ஏழரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக. கார்ட்ரிட்ஜைக் கழற்றி மூடியை விலக்கினால் பச்சை நிறத்தில் பளபளக்கும் உருளை தெரியும். அதுதான் டிரம்; எழுத்துகள் முதலில் தூளாக இதன்மேல் படிந்துதான் தாளுக்குப் போகின்றன. என்னுடையதில் அதன் விட்டம் 24 மில்லிமீட்டர்; சுற்றளவு கிட்டத்தட்ட 75. டிரம்மில் ஓரிடத்தில் கீறல் விழுந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். ஏ4 தாள் ஒன்றை முடிக்க அந்த உருளை சுமார் நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். பெட்டி கையடக்கமாக இருப்பதற்கான விலை இதுதான்: உருளை சிறுத்தால் சுற்று கூடும், தேய்மானமும் கூடும்.

டிரம், டோனர் தூள், ரோலர்கள், வழிக்கும் பிளேடு, கழிவுத்தூள் அறை எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைக்கும் யோசனை 1982இல் கேனான் நிறுவனத்தின் பிசி-10, பிசி-20 காப்பியர்களோடு சந்தைக்கு வந்தது. அதற்கு முன் காப்பியர் வைத்திருப்பவர் மெக்கானிக்கையும் கூடவே வைத்திருக்க வேண்டிய நிலை. தேயக்கூடியதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியையே மாற்றிவிடு என்றார்கள். 1984இல் எச்பி வெளியிட்ட முதல் லேசர்ஜெட்டுக்குள் இருந்ததும் கேனான் இயந்திரம்தான்.

இடத்தை எப்படிச் சுருக்கினார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு காந்தத்தால். பக்கத்து ஜெராக்ஸ் கடையின் பெரிய இயந்திரத்தில் டோனர் தனி, அதைச் சுமந்து செல்லும் டெவலப்பர் தூள் தனி. இரண்டையும் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் பழைய பிரின்டரின் தூளிலேயே இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. ரோலருக்குள் இருக்கும் காந்தம் அதை நேரடியாக இழுத்துக்கொள்ளும். கலக்கும் ஏற்பாடே வேண்டாம். மேசையில் சிந்திய தூளருகே காந்தத்தைக் கொண்டுபோனேன், மீசை முளைத்தது போல் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காந்தம் பிறகும் உதவியது. ஒரு முறை ரீஃபில் செய்து வாங்கி வந்த கார்ட்ரிட்ஜ், எழுத்தை மங்கலாகத் தந்து, உள்ளேயெல்லாம் தூளைக் கொட்டியது. கொட்டிய தூள் காந்தத்தில் ஒட்டவே இல்லை. வேறு வகை பிரின்டருக்கான காந்தமில்லாத் தூளை நிரப்பிவிட்டார்கள். காட்டியதும் ரீஃபில்காரர் வாதாடாமல் பணத்தைத் திருப்பித் தந்தார்.

ரீஃபில் செலவு புதுக் கார்ட்ரிட்ஜ் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆசை யாரை விட்டது? ஒரே பெட்டியை ஐந்து முறை நிரப்பியிருக்கிறேன். பலன், மேலே சொன்ன நாலரை சென்ட். தாளில் ஏறாமல் டிரம்மில் மிஞ்சும் தூளை பிளேடு வழித்து ஒரு சிறிய அறையில் சேர்க்கிறது. அந்த அறை பெட்டியின் ஒரு ஆயுளுக்காக அளந்து வைத்தது. தூளை நிரப்பிவிட்டு அந்த அறையைக் காலி செய்யாமல் விட்டால் கழிவுத்தூள் வழிந்து பக்கத்தைக் கறையாக்கும். இப்போதெல்லாம் எதிரில் நின்று, கழிவைக் கொட்டச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். டிரம்மை வெயிலில் வைக்கவும் விடுவதில்லை. வெளிச்சம் அதற்கு ஆகாது. இரண்டு ரீஃபில், அதற்கு மேல் கிடையாது.

2019இல் வந்ததில் டோனர் பெட்டி தனி, டிரம் தனி. டோனர் பெட்டி ஏறக்குறைய 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம் என்று கணக்கு. அளவில் டோனர் பெட்டி இன்னும் சிறியது. தீர்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்துக்கான செலவில் இதுதான் கெட்டிக்காரன். ஆனால் டிரம்மின் மேல் ஒரு பச்சைத் தாழ் உண்டு. அதை இப்படியும் அப்படியும் நகர்த்தி உள்ளே உள்ள கம்பியைத் துடைக்க வேண்டும். துடைத்த பின் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால் பக்கம் நெடுகக் கறுப்புப் பட்டை. நான் மூன்று முறை மறந்திருக்கிறேன். வரைவுகளுக்கும் நகல்களுக்கும் இது, முத்திரைத்தாளுக்குப் பழையதுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஐஎஸ்ஓ 19752 என்ற தரநிலைப்படி ஒரு சோதனைப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு எடுப்பது அது. அந்தப் பக்கத்தில் மை படியும் பரப்பு ஐந்து சதவீதம் போலத்தான். பத்திரமோ மேலிருந்து கீழ்வரை எழுத்து. 2,000 பக்கம் என்று போட்ட பெட்டி எனக்கு 1,600ஐத் தாண்டியதில்லை. எழுத்து வெளுத்ததும் கழற்றி இடமும் வலமுமாக ஐந்தாறு முறை ஆட்டிப் போட்டால் இன்னும் சில பத்திரங்கள் தேறும்.

அப்படி ஆட்டும்போது வேட்டியில் சிந்தினால் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். தூளின் பெரும்பகுதி பிளாஸ்டிக். சூட்டில் இளகித் தாளில் ஒட்டுவதுதான் அதன் வேலை. வீட்டில் வெந்நீரில் ஊறவைத்தார்கள். அந்த வேட்டி இப்போது பிரின்டர் துடைக்கிறது.

பழைய பிரின்டரில் இப்போது இருப்பது இரண்டாவது ரீஃபில். நோட்டுக் கணக்குப்படி 1,140 பக்கம். நேற்று இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. இடைவெளி இல்லாத கோட்டுக்கு ஸ்கேல் தேவையில்லை, பிளேடு தேய்ந்திருக்கும். புதுப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.