மனசு வராத விடியற்காலையில் எது எழுப்பும்?

நடைப்பயிற்சியைத் தொடங்குவது யாருக்கும் கஷ்டமில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவைப் பார்த்த வாரமே புது ஷூ வந்துவிடும். அந்தப் பயம் தணிந்த பிறகுதான் சோதனை ஆரம்பம். ஆகவே நடையை விடாமல் தொடரப் பலரும் பிடிக்கும் நான்கு வழிகளை இங்கே ஒரே கேள்வியால் அளக்கிறேன்: ஒரு நாள் தவறிவிட்டால், மறுநாள் அந்த வழி நம்மைத் திரும்ப வெளியே கூட்டிவருமா?

முதலில், ஜிம்முக்கு வருடக் கட்டணம் கட்டிவிடுவது. ‘காசு கொடுத்தாச்சு, போய்த்தானே ஆகணும்’ என்ற கணக்கு. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. கட்டிய பணம் போனது போனதுதான். இன்றைக்குப் போகாவிட்டால் புதிதாக எதுவும் கைவிட்டுப் போவதில்லை. இழப்பு இனிமேல் வரப்போவதாக இருந்தால்தான் பணம் ஆளைப் பிடித்து இழுக்கும். பிலிப்பைன்ஸில் புகைப்பவர்களிடம் இதைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கில் பணம் போட்டு வர வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனையில் தேறாவிட்டால் மொத்தமும் போய்விடும். புகையை விட்டவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் அந்த ஒப்பந்தத்துக்கே சம்மதித்தார்கள்.

அடுத்தது, தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் செயலிகள். ஆரம்ப வாரங்களில் நல்ல துணை. காய்ச்சலில் ஒரு நாள் படுத்தாலோ, ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலோ எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். அதைப் பார்த்து வெறுத்துப்போய் நடையையே விட்டவர்கள் நிறைய. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தன்னால் வரும் பழக்கமாக நடுமதிப்பில் 66 நாள் ஆகிறது என்றும், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும் கணித்தார்கள். நாம் சொல்லும் ஒரு மண்டலம், 48 நாள், சிலருக்குப் போதும், பலருக்குப் போதாது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதுதான் அதில் எனக்கு முக்கியமான செய்தி. அதனால் மாதக் காலண்டரில் பேனாவால் டிக் போடுவதே மேல். விட்ட நாள் வெறும் கட்டமாக இருக்கும். மற்ற டிக்குகளை யாரும் அழிப்பதில்லை.

நடைத்துணை இவை இரண்டையும்விட வலுவானது. ஐந்தரைக்குத் தெருமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் படுத்துக்கிடக்கக் கூச்சமாக இருக்கும். ஒரு நாள் வராவிட்டால், ‘என்ன சார், நேத்து காணோம்?’ என்ற விசாரிப்பே மறுநாள் இழுத்துவரும். ஆனால் துணை ஒரே ஆளாக இருந்தால், அவர் பேரனைப் பார்க்க வெளியூர் போகும் மாதத்தில் நம் நடையும் நின்றுவிடும். மூன்று நான்கு பேராகச் சேருங்கள்.

நான்காவது, ஏற்கெனவே நடக்கும் வேலையோடு முடிச்சுப் போடுவது. ‘காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூ மாட்டுவேன், பூங்காவரை போவேன்’ என்று எழுதியே வைத்துவிடுவது. 2002-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், எதுவும் சொல்லப்படாதவர்களில் 38 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சி இதயநோயைத் தடுக்கும் என்று ஊக்கமூட்டும் தாளைப் படித்தவர்களில் 35 சதவீதம். அதைப் படித்ததோடு எங்கே, எப்போது என்றும் எழுதியவர்களில் 91 சதவீதம்! ஒரே வாரக் கணக்குதான். ஆனாலும் ஊக்க வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்ப்பவர்கள் இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த முடிச்சு இறுகிவிட்டால் அதுவும் தொல்லை. அந்த நேரம் போனால் அன்றைய நடையே போச்சு என்று ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் எத்தனை காலை மழையில் போகிறது! அதனால் இரண்டாவது வரியையும் அன்றைக்கே எழுத வேண்டும்: ‘காலையில் தவறினால், ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம், மழையென்றால் வீட்டு வராந்தாவில்.’ சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்தச் சின்ன நடையும் குறைக்கும்.

ஓய்வு பெற்று ஊரோடு இருப்பவருக்கு முதலில் நடைக்கூட்டத்தைத்தான் சொல்வேன். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கும், சமையலறையிலிருந்து எப்போது விடுபடுவோம் என்று தெரியாத பெண்களுக்கும் இரண்டு வரி முடிச்சுதான் ஒத்துவரும். இன்சுலின் போடுபவர்கள் நடை நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.