ஷட்டில் தெப்ராவ்: எல்லை தாண்டும் ஐந்து நிமிட ரயில்

சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடிக்கும் மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில் உள்ள ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ், 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட சேவை. மலேசியாவின் கேடிஎம் ரயில் நிறுவனம் இதை நடத்துகிறது. ரயில் ஓடும் நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். இருக்கையில் அமர்ந்து கைப்பையைச் சரிசெய்வதற்குள் அடுத்த நாடு வந்துவிடும். பெட்டிகள் பழையவை, குளிர்சாதனம் தாராளம், ஜன்னலுக்கு வெளியே, இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தில் நெருக்கியடித்து நிற்கும் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம். ரயிலைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் அதிகம் இல்லை. இந்தச் சேவையின் தரத்தை முடிவு செய்வது பெட்டியோ வேகமோ அன்று. பயணத்துக்கு முன்னும் பின்னும் கடப்பிதழைக் காட்ட வேண்டிய முகப்புகள் எங்கே, எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான்.

வுட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும்போது இந்த ஏற்பாடு மிகச் சிறப்பாக இருக்கிறது. சிங்கப்பூரின் குடிநுழைவுச் சோதனையை முடித்துச் சில அடி நடந்தால் அதே கட்டடத்துக்குள்ளேயே மலேசிய அதிகாரிகளின் முகப்பு இருக்கிறது. இரண்டையும் முடித்துவிட்டு ரயில் ஏறுவதால், ஜேபி சென்ட்ரலில் இறங்கும் பயணி உள்ளூர் ரயிலில் வந்தவரைப் போல நேராக வெளியே நடந்துவிடலாம். திரும்பும் திசையில் இந்த வசதி இல்லை. மலேசியச் சோதனை ஜேபி சென்ட்ரலிலும் சிங்கப்பூர்ச் சோதனை வுட்லண்ட்ஸிலும் தனித்தனியே நடப்பதால், ஒரு ரயில் நிறைய வந்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே முகப்பை நோக்கி விரைகிறார்கள். முன்பெட்டியில் இடம் பிடிப்பவருக்கும் கடைசிப் பெட்டியில் ஏறியவருக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் தெரியும். ஒரே சேவைக்கு இரண்டு மதிப்பெண் தரலாம் என்றால், போகும் திசைக்கு முழு மதிப்பெண்ணும் வரும் திசைக்குப் பாதியும் தருவேன்.

இந்த ஏற்பாடு எளிதில் வந்ததும் அன்று. 1998இல் சிங்கப்பூர் தன் ரயில் பயணிகளுக்கான சோதனையை வுட்லண்ட்ஸுக்கு மாற்றியபோது மலேசியா தன் முகப்பைச் சிங்கப்பூருக்குள் இருந்த தஞ்சோங் பகார் நிலையத்திலேயே வைத்துக்கொண்டது. அதனால் வடக்கே செல்லும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்ததாகப் பதிவாகி, அதன் பிறகு வுட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் விசித்திரம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. தஞ்சோங் பகாரில் ரயில் சேவை நின்று வுட்லண்ட்ஸ் கடைசி நிலையமான 2011இல்தான் அது தீர்ந்தது.

கட்டணம் விந்தையானது. ஜொகூரிலிருந்து வந்தால் 5 ரிங்கிட். வுட்லண்ட்ஸிலிருந்து போனால் 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கும் நிலையில், அதே தூரத்துக்கு ஒரு திசையில் மூன்று மடங்குக்கு மேல் செலுத்துகிறோம். பேருந்துக் கட்டணத்துடன் ஒப்பிட்டால் இது அதிகம்தான். எனினும் வெள்ளிக்கிழமை மாலை கடற்பாலத்தில் பேருந்துக்குள் நின்று பார்த்தவர்கள் யாரும் இதற்காகப் பேரம் பேச மாட்டார்கள். சிக்கல் பணத்தில் இல்லை, பயணச்சீட்டு கிடைப்பதில் இருக்கிறது. வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் உரிய சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடுகின்றன. கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு ஏற்ற சேவை இதுவன்று. கேடிஎம் செயலியில் போக்குக்கும் வரவுக்கும் சேர்த்தே பதிவு செய்துகொள்வது நல்லது.

அட்டவணையைக் கவனித்தால் இந்த ரயில் யாருக்காக ஓடுகிறது என்பது விளங்கும். அதிகாலையில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு அடுத்தடுத்து ரயில்கள், மாலையில் எதிர்த்திசையில். சிங்கப்பூரில் வேலை பார்த்து ஜொகூரில் குடியிருக்கும் மலேசியர்களே இதன் முதன்மையான பயணிகள். அவர்களை எல்லை கடக்க விடுவது ஆசியான் என்ற தென்கிழக்காசிய வட்டார அமைப்பு தந்த உரிமை என்று நினைத்தால் அது சரியன்று. உறுப்பு நாடுகளின் குடிமக்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் சென்றுவர 2006இல் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது உண்மை. ஆனால் அது சுற்றிப் பார்ப்பதற்கு, சம்பாதிப்பதற்கு அன்று. 2007இல் கையெழுத்தான ஆசியான் சாசனம் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் முதலீட்டுக்கும் தடையற்ற போக்குவரத்தைக் குறிக்கோளாக வைக்கிறது. ஆள்கள் என்று வரும்போது வணிகர்கள், நிபுணர்கள், தொழிலாளர்கள் ஆகியோரின் பயணத்தை எளிதாக்குவது என்ற அளவில் நின்றுகொள்கிறது. பொறியியல், தாதிமை, மருத்துவம், கணக்கியல் உள்ளிட்ட எட்டுத் துறைகளில் ஒருவருடைய தகுதியை மற்ற நாடுகள் ஏற்க உடன்பாடுகள் உண்டு. அவையும் வேலை அனுமதியைத் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன் வேறோர் உறுப்பு நாட்டில் குடியேறி வேலை தேடுவதை உரிமையாகப் பெற்றிருக்க, இங்கே காலை ரயிலில் வருகிறவரின் சட்டைப்பையில் இருப்பது சிங்கப்பூர் அரசு தனியே வழங்கிய அனுமதி. அது ரத்தானால், ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவருக்குப் பயனில்லை.

ஆகவே வெளியூரிலிருந்து வருபவர்கள் சீட்டு வாங்குமுன் தாள்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு அளித்திருக்கிறது. சிங்கப்பூருக்கோ விசா தேவை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் சிங்கப்பூர் வந்தவர் ஜொகூரில் மதிய உணவு உண்ண ஆசைப்பட்டால், திரும்பி வர வழியிருக்காது. மலேசியாவுக்கான மின்னிலக்க வருகை அட்டையைச் சிங்கப்பூர்க் குடிமக்கள் நிரப்ப வேண்டியதில்லை, மற்ற வருகையாளர்கள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பும்போது வருகையாளர்கள் அந்நாட்டின் வருகை அட்டையையும் மறந்துவிடக் கூடாது. இரண்டும் இலவசம். அவற்றுக்குப் பணம் கேட்கும் இணையத்தளங்களை விட்டு விலகுங்கள்.

சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் நார்த்தையும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் விரைவு ரயில் பாதையை 2026 இறுதியை ஒட்டித் திறப்பது இரு அரசுகளின் திட்டம். அது ஓடத் தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும். புதிய பாதையில் ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை செல்லலாம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் இரண்டு திசைகளிலும் நடக்கும் என்பதே. வரும் திசைக்கு நான் குறைத்த பாதி மதிப்பெண்ணுக்கு அங்கே இடமிருக்காது. வேலை அனுமதி பற்றிய விதிகளில் இந்தப் பாதை எதையும் மாற்றப் போவதில்லை. புதிய பாதை திறக்கும்வரை, வார நாளில் சுமையில்லாமல் ஜொகூர் போய்வர நினைப்பவர்களுக்கு இந்தப் பழைய ரயிலையே பரிந்துரைப்பேன். போகும்போது ரயில், வரும்போது கூட்டத்தின் நிலவரம் பார்த்துப் பேருந்து என்று பிரித்துக்கொண்டாலும் நட்டமில்லை.